போர் தண்ணி, புது சுவர், பழைய சிலாப்: ஆல்கலினிட்டி அளக்கறது எப்படி

சென்னைல இப்ப நிறைய வீட்டுல டிடிஎஸ் பேனா ஒண்ணு இருக்கு, தண்ணி லாரி வந்தா முதல்ல அத முக்கி பாத்துட்டு தான் ஹோஸ சம்ப்குள்ள விடவே சொல்றாங்க. நல்லது தான், ஆனா அது தண்ணில மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு ஒரு தோராயம் சொல்லும், அதோட சரி. கெய்சர் காயில்ல ஏன் வெள்ளையா படியுது, மாடித்தோட்டத்து செம்பருத்தி ஏன் மஞ்சளாகுது, பூசி முடிச்ச சுவர்ல பெயின்ட் ஏன் திட்டுதிட்டா வெளுக்குது, இதெல்லாம் அந்த பேனாவ கேட்டா சொல்லாது. அதுக்கு ஆல்கலினிட்டி பாக்கணும்.

முதல்ல பிஎச் வேற, ஆல்கலினிட்டி வேற. பிஎச்ங்கறது தண்ணி இந்த நிமிஷம் ஆசிட் பக்கமா காரம் பக்கமான்னு சொல்றது. ஆல்கலினிட்டி, அந்த தண்ணில ஆசிட் விட்டா எவ்ளோ ஆசிட்ட அது உள்ள வாங்கிக்கும்ங்கற அளவு. ரெண்டு பக்கெட் தண்ணிக்கும் பிஎச் 7.5ன்னு ஒரே மாதிரி காட்டலாம், ஒண்ணுல ஆல்கலினிட்டி 60ம் இன்னொண்ணுல 450ம் இருக்கலாம். நம்ம போர் தண்ணில இது பெரும்பாலும் பைகார்பனேட்டா தான் இருக்கும். குடிநீருக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 10500ல லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஓகே, வேற தண்ணியே கிடைக்கலன்னா 600 வரைக்கும்னு போட்டிருக்கு. எல்லாம் கால்சியம் கார்பனேட் கணக்குல.

அளக்கறதுக்கு சுலபமான வழி கொளத்தூர்ல இருக்கு. ஆமா, கலர் மீன் விக்கற கடைங்க தான். அங்க கேஎச் டெஸ்ட் கிட்னு கேளுங்க, மீன் தொட்டிக்கு பாக்கற கேஎச்சும் நாம பாக்கற ஆல்கலினிட்டியும் நம்ம ஊர் தண்ணிக்கு ஒண்ணு தான். குட்டி டியூப்ல 5 மில்லி தண்ணி எடுத்து ஒவ்வொரு சொட்டா விட்டு குலுக்குங்க, பல கிட்ல நீலம் மஞ்சளா மாறும், மாறின சொட்டு எத்தனையாவதோ அத 17.9ஆல பெருக்கினா லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு வந்துரும். ஒரு சொட்டு ஒரு டிகிரி (கேஎச்ச அளக்கற யூனிட்) காட்டற கிட்டுக்கு தான் இந்த கணக்கு, டப்பால இருக்கறத படிச்சுக்கோங்க. 10 மில்லி எடுத்து பாத்துட்டு வந்தத பாதியாக்கினா இன்னும் துல்லியம். கலர் அட்டையோட ஒப்பிட்டு பாக்கற பேப்பர் ஸ்ட்ரிப் எனக்கு பிடிக்காது, 180க்கும் 300க்கும் நடுவுல எதுன்னே தெரியாது.

இன்னும் கச்சிதமா வேணும்னா பள்ளிக்கூட லேப்ல பண்ண அதே டைட்ரேஷன் தான். 100 மில்லி தண்ணி, ப்யூரெட்ல 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் ஆசிட், இது ரெடியாவே கெமிக்கல் கடைல வாங்கிக்கலாம், ஸ்ட்ராங் ஆசிட் வாங்கி வீட்டுல கலக்கற வேலையே வேணாம். முதல்ல பினாப்தலீன்ங்கற இண்டிகேட்டர், அதாவது கலர் மாத்தி காட்டற மருந்து, ரெண்டு சொட்டு விடுங்க. ரோஸ் கலர் வந்தா அது போற வரைக்கும் ஆசிட் விட்டு அளவ குறிச்சுக்கோங்க. அப்புறம் மெதில் ஆரஞ்ச் ரெண்டு சொட்டு, மஞ்சள் ஆரஞ்சாகுற இடத்துல நிறுத்துங்க. ஆரம்பத்துல இருந்து மொத்தம் போன மில்லிய 10ஆல பெருக்குங்க, அது தான் மொத்த ஆல்கலினிட்டி. சாதாரண போர் தண்ணில பினாப்தலீனுக்கு ரோஸே வராது, அப்போ எல்லாமே பைகார்பனேட்னு அர்த்தம். ரோஸ் போக்கறதுக்கே மொத்தத்துல பாதிக்கு மேல ஆசிட் போச்சுன்னா தண்ணில ஹைட்ராக்சைட் இருக்கு, அதாவது சிமென்ட்டோ சுண்ணாம்போ எங்கயோ கலந்திருக்கு. லாரி தண்ணில குளோரின் தூக்கலா இருந்தா இண்டிகேட்டர் கலரே வெளுத்துரும், தயோசல்ஃபேட் ஒரு சொட்டு விட்டுட்டு அப்புறம் பாருங்க.

சாம்பிள் எடுக்கும்போது ஒரு விஷயம். போர் தண்ணி மேல வந்ததும் அதுல இருக்கற கார்பன் டை ஆக்சைட் காத்துல போக ஆரம்பிச்சுரும், அதனால பிஎச் நிக்க நிக்க ஏறும், ஆல்கலினிட்டி அப்படியே இருக்கும். பிஎச்ச உடனே பாருங்க, ஆல்கலினிட்டிய பாட்டில் முழுக்க நிரப்பி மூடி வச்சு அன்னிக்குள்ள பாத்தா போதும்.

சரி, நம்பர் வந்துச்சு, என்ன பண்றது? கெய்சர் பிரச்சினைன்னா, சூடு பண்ணும்போது பைகார்பனேட் உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா படியுது. சாஃப்ட்னர் வச்சா கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விடும், படிவு நிக்கும், ஆனா ஆல்கலினிட்டி ஒரு துளி கூட குறையாது. இத சாஃப்ட்னர் விக்கறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. ஆர்ஓ தான் குறைக்கும். ஆனா ஆர்ஓல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய செடிக்கு ஊத்தறாங்க பாருங்க, அதுல உப்பும் பைகார்பனேட்டும் இன்னும் கெட்டியாகி இருக்கும், அது வீடு துடைக்க, டாய்லெட் கழுவ மட்டும். செம்பருத்தி, கறிவேப்பிலைல புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா மண்ணு காரமாகி இரும்புச்சத்து கிடைக்கலன்னு சந்தேகப்படலாம், மழைத்தண்ணிய டிரம்ல பிடிச்சு ஊத்திப் பாருங்க. 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு பைப் நிறைய வீட்டுல இருக்கு, அதுல டிரம் வைக்க தான் ஆள் இல்ல.

வீடு கட்டறவங்களுக்கு கான்கிரீட்டுக்கான தரநிலை ஐஎஸ் 456ல தெளிவா இருக்கு. 100 மில்லி தண்ணிக்கு அதே 0.02 நார்மல் ஆசிட் 25 மில்லிக்கு மேல போகக்கூடாது, அதாவது 250 மில்லிகிராம். பிஎச் 6க்கு கீழ போகக்கூடாது. போர்ல 420, லாரி தண்ணில 120ன்னு வச்சுக்கோங்க, பாதி பாதி கலந்தா 270, தேறாது, ரெண்டு பங்கு போர் மூணு பங்கு லாரின்னா 240, தேறும். ஆல்கலினிட்டிய இப்படி கூட்டிக் கழிச்சு பாக்கலாம், பிஎச்ச அப்படி பாக்க முடியாது. திருவான்மியூர், ஈசிஆர் பக்கம்னா ஆல்கலினிட்டிய விட குளோரைட் தான் பயப்பட வேண்டியது, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராம் தான் எல்லை. லேப்ல குடுக்கும்போது ரெண்டையும் சேத்தே கேளுங்க. மேஸ்திரி நாக்குல வச்சு பாத்து "நல்ல தண்ணி தான் சார்"ம்பார், அத நம்பி கான்கிரீட் தூண் போடாதீங்க.

புது சிமென்ட் சம்ப்னா உள்பூச்சுல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு முதல் தண்ணி பிஎச் 11, 12க்கு கூட போகும். நிரப்பி ரெண்டு மூணு நாள் விட்டு இறைச்சு கொட்டிட்டு திரும்ப நிரப்புங்க. பினாப்தலீனுக்கு ரோஸ் வராம, பிஎச் 8.5க்குள்ள வந்தப்புறம் தான் குடிக்கறது, சமைக்கறது.

அடுத்து பெயின்ட். புது பூச்சோட பிஎச் 12, 13 இருக்கும், அதுக்கு மேல ஆயில் பெயின்ட் அடிச்சா காரம் பெயின்ட்ல இருக்கற எண்ணெய சோப்பாக்கிரும், நிஜமாவே சோப்பு, அதான் பிசுபிசுன்னு உரியுது. கியூரிங் முடிஞ்சு காய விடணும், பூசி 28 நாளாவது ஆகட்டும், ஐப்பசி கார்த்திகை மழைல பூசினதுன்னா இன்னும் கூட. நாள மட்டும் எண்ணாதீங்க, அளந்து பாருங்க. சுவர துணியால தொடச்சுட்டு டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு சொட்டு தடவி ஒரு நிமிஷம் கழிச்சு பிஎச் பேப்பர ஒட்டுங்க, போர் தண்ணிய தடவினா தண்ணியோட பிஎச் தான் வரும். 9க்கு பக்கத்துல வந்தா நிம்மதியா அடிக்கலாம். கிரகப்பிரவேச தேதி குறிச்சாச்சு, நிக்க முடியாதுன்னா காரம் தாங்கற பிரைமர் கேட்டு வாங்குங்க, டப்பால எவ்ளோ பிஎச் வரைக்கும்னு எழுதியிருக்கும், பட்டி பாத்து மறைச்சுரலாம்ங்கற பேச்ச மட்டும் கேக்காதீங்க. ஈரம் பாக்க ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் எடுங்க, உள்ள வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயல.

உப்பு பூத்திருந்தா காஞ்ச பிரஷ்ல தேய்ச்சு கூட்டி எடுங்க. தண்ணி விட்டு கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிரும். ஈரம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம எந்த கோட்டிங்கும் நிக்காது.

இது வரைக்கும் காரத்த குறைக்கறத பத்தியே பேசினோம், ஆனா கம்பிய சுத்தி இருக்கற கான்கிரீட்டுக்கு காரம் தான் காவல். அந்த காரம் இருக்கற வரைக்கும் கம்பி மேல மெல்லிசா ஒரு படலம் இருந்து துரு பிடிக்காம பாத்துக்கும். வருஷக்கணக்குல காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட் உள்ள இறங்கி பிஎச்ச 9க்கு கீழ கொண்டு வந்துரும், அப்புறம் துரு, வீக்கம், காரை பேந்து விழறது. பழைய ஃப்ளாட் பால்கனி சிலாப்ல இத பாக்க, ஓரத்துல புதுசா கொஞ்சம் கொத்தி தூசி ஊதிட்டு ஆல்கஹால்ல கரைச்ச 1 சதவீத பினாப்தலீன ஸ்பிரே பண்ணுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. ரோஸானா காரம் இருக்கு. கலர் வராத ஆழத்த ஸ்கேல்ல அளங்க. கம்பி 20 மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கு, கலர் வராத ஆழம் 18னா இன்ஜினியர கூப்பிட வேண்டிய நேரம். கடல் பக்கம்னா ரோஸ் வந்தாலும் குளோரைட் கம்பிய தின்னுட்டிருக்கலாம், இந்த டெஸ்ட் அத காட்டாது, அதுக்கு கான்கிரீட் தூள லேப்ல குடுக்கணும். விரிசல் விட்ட சிலாப்லயும் பால்கனி தரைலயும் பாத்ரூம் ஆசிட் ஊத்தி கழுவறவங்க அத இன்னிக்கே நிறுத்திருங்க, அந்த ஆசிட்ல இருக்கறதே குளோரைட் தான், காரமும் போகும் கம்பியும் போகும்.