அபார்ட்மெண்டில் இவி சார்ஜிங்குக்குச் சம்மதம் வாங்குவது எப்படி?

மின்சார வண்டி (இவி) வாங்குவது சுலபம். கீழே பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்க அசோசியேஷனிடம் சரி என்று சொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. முப்பந்தலில் காற்றாலை எத்தனை சுற்றினாலும், அந்த மின்சாரம் வண்டியில் ஏறுமா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர்தான்.

நான் முதல் தடவை போனபோது கையில் ஒரு கத்தை பிரிண்ட் அவுட் இருந்தது, பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் மின்சார வண்டி தீப்பிடிப்பது எவ்வளவு குறைவு என்று. பத்தே நிமிடத்தில் தோற்றுப்போனேன். முதல் தளத்து சார் ஒருவர் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்குப் புகை வந்தா, மேல தூங்கிட்டிருக்கற நாங்க எந்த வழியா இறங்கறது?" என் கத்தையில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் வண்டிகள் நிற்பது மாடிப்படிக்குப் பக்கத்தில்.

அதனால் புள்ளிவிவரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு சமையலறையிலும் 14.2 கிலோ எரிவாயு நிற்கிறது, யாரும் தூக்கம் கெடுவதில்லை, ஏனென்றால் ரெகுலேட்டரை மூடக் கைக்குத் தெரியும், வாசனை வந்தால் ஜன்னலைத் திறக்கத் தெரியும். பேட்டரி அப்படிப் பழகவில்லை. பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987-ல் சயின்ஸ் இதழில் எழுதியதும் இதைத்தான்: மக்கள் சாவு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, ஒரு ஆபத்து எவ்வளவு குலைநடுங்க வைக்கிறது, எவ்வளவு புரியாமல் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடை போடுகிறார்கள். அதற்கு முன்பே, 1969-ல், சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் வேறொரு கணக்குப் போட்டிருந்தார். நாமே விரும்பி ஏற்கிற ஆபத்து என்றால், நம்மேல் சுமத்தப்படுவதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறோமாம். வண்டி உங்கள் விருப்பம், மேல்வீட்டுக்காரருக்கு அது சுமை. பெட்ரோல் காசு மிச்சமாவது உங்களுக்கு, புகை வந்தால் அவருக்கு. அவர் முட்டாள் இல்லை.

அப்புறம், 2022-ஐ மறைக்காதீர்கள். அந்த மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். "அதெல்லாம் அபூர்வம் சார்" என்று ஆரம்பித்தால் அத்தோடு கூட்டம் முடிந்தது. நீங்களே அதை எடுத்துப் பேசுங்கள், பிறகு என்ன மாறியது என்றும் சொல்லுங்கள்: பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. உங்கள் வண்டி எப்போது தயாரானது, பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்எஃப்பி சூட்டை நன்றாகவே தாங்கும், ஆனால் எரியவே எரியாது என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள்.

இனி வயரிங். உண்மையில் நான் பயப்படுவது பேட்டரியைவிட, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கீழே தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்துத்தான். கார் என்றால் மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கும், லூஸான பிளக் உருகிவிடும். உங்கள் மீட்டரிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிப்பது), சரியான எர்த், இவ்வளவும் வேண்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூட்டத்துக்கே அழைத்து வாருங்கள், நீங்கள் சொல்வதை நம்பாதவர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். அனுமதித்த லோடு போதாவிட்டால் மின்வாரியத்தில் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கூட்டத்தில் நான் செய்தது இவ்வளவுதான். சார்ஜிங் இடத்தைப் படிக்கட்டிலிருந்து தள்ளிக் காம்பவுண்ட் சுவர்ப் பக்கம் கேட்டேன், அதற்காக வேறொருவரோடு பார்க்கிங் மாற்ற வேண்டியிருந்தது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் சார்ஜ் இல்லை என்றேன். லைனை அணைக்கும் சுவிட்ச் வாட்ச்மேன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்காமலே அணைக்கலாம். புகை வந்தால் யாரும் வீரம் காட்டக் கூடாது, எல்லோரும் வெளியேறி 101-க்கு அழைப்பது. மூன்று மாதம் சோதனை, பிடிக்காவிட்டால் நானே கழற்றிவிடுகிறேன். சேதம் வந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக்கொடுத்து, இன்சூரன்ஸ் நகலையும் இணைத்தேன்.

அந்த சுவிட்ச்தான் வேலை செய்தது. முதல் தளத்து சார் நேராகக் கீழே போய் ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "சரி, வைங்க" என்றார்.

சம்மதத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், செயலாளர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து.