சனிக்கிழமை ராத்திரி பயமில்லாம சர்வர் அப்டேட் போடுறது எப்படி

நிறைய ஆபீஸ்ல சர்வர் அப்டேட் பத்தி கேட்டா ரெண்டே பதில்தான் வரும். "நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு, எதுக்கு அதுல கைய வைக்கணும்"னு ஒண்ணு, "ஆட்டோமேட்டிக்ல போட்டு விட்டாச்சு, அதுவே பாத்துக்கும்"னு இன்னொண்ணு. நான் கோயம்புத்தூர் பக்கம் சின்ன கம்பெனிகளோட சர்வர்களை பாத்துக்கறேன். பெரும்பாலும் ஒரு விண்டோஸ் சர்வர்ல டாலி, எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், ஃபைல் ஷேர், பக்கத்துல ஒரு உபுண்டு (லினக்ஸ்) மெஷின்ல வெப்சைட்டோ, கம்பெனி நிர்வாகத்துக்கான ஈஆர்பி சாஃப்ட்வேரோ ஓடும், அவ்வளவுதான் செட்டப். மேல சொன்ன ரெண்டு பதிலாலயும் அடிபட்ட இடங்களை நேர்ல பாத்திருக்கேன். ரெண்டுலயும் பிரச்சனை ஒண்ணுதான், ஏதாவது ஆச்சுன்னா திரும்பி வர வழி கையில இல்ல. அந்த வழியை முதல்ல போட்டுட்டா மீதி வேலை அவ்வளவு கஷ்டம் இல்ல.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்னு முதல்ல ஒரு முடிவுக்கு வரணும். 2017 மார்ச் 14ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்ல ஃபைல் ஷேர் பண்ற எஸ்எம்பில இருந்த ஓட்டைக்கு பேட்ச், அதாவது அதை அடைக்கற அப்டேட், கொடுத்துட்டாங்க, அதே ஓட்டை வழியா ஃபைல்களை பூட்டி காசு கேக்கற வான்னாக்ரை வைரஸ் வந்தது மே 12, நடுவுல முழுசா 59 நாள் இருந்துச்சு. இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள்ல ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம்னு இன்னமும் சொல்றாங்க, ஆனா அங்க மாட்டினதுல பெரும்பாலானது பேட்ச் கிடைச்சும் போடாத விண்டோஸ் 7. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2022 ஜனவரி 11ல வந்த அப்டேட்டை அன்னைக்கே போட்டவங்களுக்கு டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ் முழுக்க லாகினை பாத்துக்கற சர்வர்) திரும்பத் திரும்ப ரீபூட் ஆச்சு, சில பேருக்கு ஹைப்பர்-வில (ஒரே சர்வருக்குள்ள பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) ஓடுற மெஷினே எந்திரிக்கல, அதை சரிபண்ண தனி பேட்ச் வந்தது 17ஆம் தேதி. இந்த ரெண்டையும் வச்சுத்தான் என் கணக்கு: முக்கியமான சர்வருக்கு ஒரு வாரத்துல இருந்து பத்து பன்னெண்டு நாள் வரைக்கும் பொறுப்பேன், ஒரு மாசத்துக்கு மேல எந்த காரணத்துக்காகவும் விடமாட்டேன்.

அடுத்து ஒரு ஷீட் போடுங்க. எந்த மெஷின், என்ன ஓஎஸ், அதுல என்ன ஓடுது, அது நின்னா யார் முதல்ல கத்துவாங்க, சப்போர்ட் எப்ப முடியுது. கடைசியா சொன்ன தேதி ரொம்ப முக்கியம், ஏன்னா சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ்க்கு நீங்க என்னதான் ஒழுங்கா இருந்தாலும் போட பேட்ச் வராது. சர்வர் 2012 ஆர்2க்கு 2023 அக்டோபர் 10லயே முடிஞ்சது, காசு கட்டி நீட்டிச்சவங்களுக்கு மட்டும்தான் அதுக்கப்புறமும் வருது. 2016க்கு 2027 ஜனவரி 12, 2019க்கு 2029 ஜனவரி 9, 2022க்கு 2031 அக்டோபர் 14. லினக்ஸ்ல சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30ஓட போச்சு. உபுண்டுவோட எல்டிஎஸ்க்கு (நீண்ட நாள் சப்போர்ட் வர்ற பதிப்பு) வழக்கமா 5 வருஷம். இந்த தேதிகளை ஓனர்கிட்ட ஒரு வருஷம் முன்னாடியே எழுத்துல கொடுத்துடுங்க, கடைசி மாசத்துல போய் நின்னா பட்ஜெட் இல்லைன்னுதான் பதில் வரும்.

இப்ப பேக்கப். தினமும் பச்சை டிக் வருதுன்னு நம்பாதீங்க. நான் புதுசா எடுத்துக்கிட்ட ஒரு இடத்துல எட்டு மாசமா பச்சை டிக் வந்துட்டு இருந்துச்சு. ரீஸ்டோர் பண்ணி பாத்தா ஃபோல்டர் எல்லாம் இருக்கு, எஸ்க்யூஎல் டேட்டா ஃபைல் மட்டும் இல்ல. ராத்திரி பேக்கப் ஓடும்போது எஸ்க்யூஎல் சர்வீஸ் அந்த ஃபைலை பிடிச்சு வச்சிருக்கு, காப்பி சாஃப்ட்வேர் அதை தாண்டிப் போயிட்டு லாக்ல ஒரு வரி வார்னிங் மட்டும் போட்டிருக்கு, அதை யாரும் திறந்து பாக்கல. அன்னைல இருந்து மாசத்துக்கு ஒரு தடவையாவது வேற ஒரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, டாலி கம்பெனிய திறந்து, நேத்து போட்ட கடைசி வவுச்சர் இருக்கான்னு கண்ணால பாக்காம நான் அப்டேட் பக்கமே போறதில்ல. ஒரு காப்பி நெட்வொர்க்ல இருந்து கழட்டி வச்சதா இருக்கணும். 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிய தாக்கினப்ப உலகம் பூரா அவங்களோட டொமைன் கன்ட்ரோலர் எல்லாம் அழிஞ்சு, கானால ஒண்ணு மட்டும் தப்பிச்சது, அதுவும் அங்க கரண்ட் கட் ஆகி நெட்வொர்க்ல இல்லாம போனதால. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதிர்ஷ்டம் தேவைப்பட்டுச்சு, நாம ஒரு ஹார்ட் டிஸ்க்கை கழட்டி பீரோல வச்சா போதும்.

ஸ்நாப்ஷாட் (மெஷின் அந்த நிமிஷத்துல இருக்கற நிலையை அப்படியே பதிவு பண்ணி வைக்கறது) இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க. விர்ச்சுவல் மெஷினா இருந்தா அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்நாப்ஷாட் எடுங்க, கண்டிப்பா எடுங்க, ஆனா அது பேக்கப் இல்ல, அதே டிஸ்க்லதான் உக்காந்திருக்கு, டிஸ்க் போனா அதுவும் போச்சு. எஸ்க்யூஎல் ஓடுற மெஷினா இருந்தா சர்வீஸை நிறுத்திட்டு எடுங்க. ரெண்டு டொமைன் கன்ட்ரோலர் வச்சிருக்கற இடத்துல ஒண்ணை மட்டும் பழைய ஸ்நாப்ஷாட்டுக்கு திருப்பற வேலை வேண்டாம், அதுக்கு பதிலா இன்னைக்கு ஒண்ணுக்கு அப்டேட் போட்டு ரெப்ளிகேஷன் (ரெண்டும் தகவலை ஒண்ணோட ஒண்ணு பரிமாறிக்கறது) சரியா ஓடுதான்னு ரெண்டு மூணு நாள் பாத்துட்டு அப்புறம் அடுத்ததை தொடுங்க.

நாள் குறிக்கறதுக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் பேட்ச் மாசத்தோட ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி பத்தரையோ பதினொன்றரையோ ஆகும், அமெரிக்காவுல நேரத்தை முன்ன பின்ன மாத்தறதால அந்த ஒரு மணி நேர வித்தியாசம். அந்த செவ்வாய் எப்பவும் 8க்கும் 14க்கும் நடுவுல விழும். வியாழக்கிழமை டெஸ்ட் மெஷினுக்கும் ரெண்டு மூணு சாதாரண பிசிக்கும் போட்டு விடுவேன். டெஸ்ட் மெஷின்னா புதுசா வாங்கணும்னு இல்ல, ரீஸ்டோர் பண்ணி பாத்தோமே அந்த காப்பியவே தனி நெட்வொர்க்ல ஓட விட்டு அதுலயே போடலாம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. மெயின் சர்வருக்கு அதுக்கு அடுத்த வார சனிக்கிழமை, அது 19ல இருந்து 25க்குள்ள வரும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கை தாக்கல் பண்ற ஜிஎஸ்டிஆர்-3பிக்கு கடைசி நாள், அதனால சனிக்கிழமை 19, 20ல வந்தா அடுத்த வாரத்துக்கு தள்ளிடுவேன். மாசக் கடைசியில சம்பளக் கணக்கு, அப்ப கேக்கவே வேண்டாம். ஈபிகாரங்க மாதாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தற நாளையும் பாத்துக்கோங்க. அப்டேட் பாதியில இருக்கும்போது யூபிஎஸ் செத்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு, யூபிஎஸ் பேட்டரி நிஜமா எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு முன்னாடியே லோடு வச்சு பாருங்க.

குரூப் பாலிசில (விண்டோஸ் செட்டிங்குகளை ஒரே இடத்துல இருந்து வைக்கற வசதி) "டவுன்லோட் மட்டும் பண்ணு, இன்ஸ்டால் பண்ண என்னை கேளு"ங்கற ஆப்ஷன் இருக்கு, சர்வருக்கு அதை வச்சுடுங்க. அப்பதான் புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கு பில்லிங் நடுவுல அதுவா ரீபூட் ஆகாது.

அந்த சனிக்கிழமை ராத்திரி உக்காரும்போது முதல் வேலை, அப்டேட் போடறது இல்ல, சும்மா ஒரு ரீபூட். இதை யார்கிட்ட சொன்னாலும் எதுக்குங்கன்னு கேக்கறாங்க, ஆனா எனக்கு அதிகமா கைகொடுத்தது இதுதான். 300 நாள் ரீபூட் ஆகாம ஓடின சர்வர்ல யாரோ எப்பவோ ஒரு செட்டிங்கை மாத்தியிருப்பாங்க, ஒரு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், ஏதோ ஒரு புரோகிராமை யாரோ லாகின் பண்ணி கையால ஸ்டார்ட் பண்ணி டெஸ்க்டாப்ல மினிமைஸ் பண்ணி விட்டிருப்பாங்க, அது தெரியாம நேரா அப்டேட் போட்டு ரீபூட் பண்ணா ஒண்ணும் வேலை செய்யாது, பழி அப்டேட் மேல விழும், நீங்க அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு இருப்பீங்க, பிரச்சனை போகவே போகாது. முன்னாடியே ஒரு ரீபூட் போட்டு எல்லாம் எந்திரிக்குதான்னு பாத்துட்டா, அதுக்கப்புறம் வர்ற கோளாறு அப்டேட்டாலதான்னு தைரியமா சொல்லலாம்.

ரீபூட்டுக்கு முன்னாடி ஐலோவோ ஐடிராக்கோ (ஓஎஸ் எந்திரிக்காட்டியும் வெளியில இருந்தே சர்வரோட திரையை காட்டற, சர்வருக்குள்ளயே இருக்கற வசதி) வழியா கன்சோல் திறக்குதான்னு பாருங்க, ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் நம்பி வீட்ல இருந்து பண்ணா, எந்திரிக்காத சர்வரை பாக்க பைக்கை எடுத்துட்டு போகணும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் இருக்கணும், டொமைன் கன்ட்ரோலர் எந்திரிக்கலைன்னா டொமைன் பாஸ்வேர்டை வச்சு பிரயோஜனம் இல்ல. டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெக்கவரி கீ பேப்பர்ல இருக்கணும், அந்த சர்வர்லயே ஒரு நோட்பேட் ஃபைலா இல்ல. சி டிரைவ்ல 15 ஜிபியாவது காலி வச்சுக்கோங்க. ஹைப்பர்-வி ஹோஸ்ட்டுக்கும் போடறதா இருந்தா உள்ள இருக்கற மெஷின்களை முறையா ஷட்டவுன் பண்ணிட்டு தனியா ஒரு ராத்திரி வச்சுக்கோங்க, ரெண்டையும் கலக்காதீங்க, டிரைவர் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் அன்னைக்கே சேத்துக்காதீங்க.

சர்வர் 2016ல அப்டேட் ரொம்ப மெதுவா போகும், ஒரு மணி நேரம் அதே பர்சென்ட்ல நிக்கும். பவர் பட்டன்ல கை வைக்காதீங்க, டிஸ்க் லைட் துடிச்சுட்டு இருந்தா அது வேலை செஞ்சுட்டுதான் இருக்கு, டீ குடிச்சுட்டு வாங்க.

லாகின் ஸ்கிரீன் வந்துடுச்சுன்னா முடிஞ்சுதுன்னு கிளம்பறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. அக்கவுன்ட்ஸ்ல இருக்கற அக்காவை முன்னாடியே சொல்லி வச்சு லைன்ல எடுங்க, "அக்கா, ஒரு வவுச்சர் போட்டு பிரின்ட் எடுத்து பாருங்க"ன்னு கேளுங்க. பிரின்டர் முக்கியம், 2021ல பிரின்ட் சர்வீஸ்ல இருந்த பிரின்ட்நைட்மேர்ங்கற ஓட்டைக்கு பேட்ச் வந்த சமயத்துல பல ஆபீஸ்ல பிரின்டிங்தான் முதல்ல நின்னுச்சு. ராத்திரி பேக்கப் ஜாப்பையும் ஒரு தடவை கையால ஓட்டிப் பாருங்க.

உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் பக்கம் கொஞ்சம் சுலபம். அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்னு ஒண்ணு இருக்கு, செக்யூரிட்டி பேட்சை மட்டும் தானா போட்டுக்கும், அதை ஆன் பண்ணி விடறதுல எனக்கு தயக்கம் இல்ல. ஆனா அது வழக்கமா தானா ரீபூட் பண்ணாது. புது கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) டிஸ்க்ல இருக்கும், ஓடிட்டு இருக்கறது பழைய கர்னல், ஆறு மாசமா பேட்ச் போட்டுட்டே இருந்தும் ஓட்டை அப்படியே திறந்திருக்கும். பல புரோகிராம் சேந்து பயன்படுத்தற லைப்ரரியும் அப்படித்தான், என்க்ரிப்ஷனுக்கான ஓபன்எஸ்எஸ்எல் புதுசானாலும் வெப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் மெமரில பழசுதான் இருக்கும். நீட்ரீஸ்டார்ட்னு ஒரு டூல் எதையெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணனும்னு சொல்லிடும். கையால அப்கிரேட் பண்ணும்போது கான்ஃபிக் ஃபைலை மாத்தவா, இருக்கறதையே வச்சுக்கவான்னு கேட்டா இருக்கறதையே வச்சுக்கோங்க, அப்புறமா பொறுமையா ரெண்டையும் ஒப்பிட்டு பாத்துக்கலாம். பூட் பார்ட்டிஷனை தனியா சின்னதா வச்சிருந்தா பழைய கர்னல்கள் சேந்து நிரம்பிடும், அதை முன்னாடியே காலி பண்ணுங்க. புது கர்னல் எந்திரிக்கலைன்னா ஸ்டார்ட் ஆகும்போது வர்ற கிரப் மெனுல பழைய கர்னலை தேர்ந்தெடுத்து உள்ள வந்துடலாம், அதனால எல்லா பழசையும் அழிச்சுடாதீங்க, ஒண்ணாவது இருக்கட்டும்.

விண்டோஸ்ல பிரச்சனைன்னா எப்ப பின்வாங்கறதுன்னு நேரத்தை முன்னாடியே குறிச்சு வைங்க. ராத்திரி 10க்கு ஆரம்பிச்சா 2 மணி வரைக்கும் போராடுவேன், அதுக்கு மேல ஸ்நாப்ஷாட்டுக்கு திரும்பிடுவேன், தூக்கக் கலக்கத்துல எடுக்கற முடிவு எதுவும் நல்லா இருக்காது. பிசிக்கல் சர்வர் பூட்டே ஆகலைன்னா ரெக்கவரி மெனுல கடைசி குவாலிட்டி அப்டேட்டை (அந்த மாச பேட்ச்) எடுக்கற ஆப்ஷன் இருக்கு, முதல்ல அதை பாருங்க.

இந்த காலண்டர் எல்லாம் சாதாரண மாசத்துக்கு. இன்டர்நெட்டை பாத்து நிக்கற சர்வர்ல ஓட்டை, அதை ஏற்கனவே தாக்குறாங்கன்னு செய்தி வந்தா அன்னைக்கு ராத்திரியே போடணும். அமெரிக்காவோட சிசா அமைப்பு, நிஜமா தாக்குதல்ல பயன்படற ஓட்டைகளுக்குன்னே 2021 நவம்பர்ல இருந்து ஒரு பட்டியல் வச்சிருக்கு, உங்க ஓஎஸ் அதுல வந்தா டெஸ்ட் வாரத்தை சுருக்கிடுங்க. 2025 அக்டோபர் 23ல டபிள்யூஎஸ்யூஎஸ்க்கே, அதாவது பேட்ச் விநியோகம் பண்ற சர்வருக்கே, அவசர பேட்ச் வந்துச்சு, அதுக்கெல்லாம் அடுத்த சனிக்கிழமைன்னு காத்திருக்க முடியாது. உள்ள யாராவது வந்துட்டாங்கன்னு தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு சொல்லணும்னு 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கு, 180 நாள் லாகும் வச்சிருக்கணும்.

திங்கக்கிழமை காலைல ஒன்பதே காலுக்கு எல்லாரும் லாகின் பண்ற நேரத்துல வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க, போன் வந்தா உடனே எடுங்க. ஷீட்ல தேதி, போட்ட பேட்ச் நம்பர், எத்தனை நிமிஷம் ஆச்சு, என்ன கோளாறு வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. ஸ்நாப்ஷாட்டை புதன்கிழமை அழிக்க போன்ல அலாரம் வச்சுடுங்க, மறந்துட்டா அது வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கையே நிரப்பி சர்வரை நிறுத்திடும்.