சின்ன ஆபீஸுக்கு எண்டர்பிரைஸ் ஸ்டோரேஜ் வேண்டுமா? அளந்து பார்த்து முடிவெடுக்கும் வழி

பத்து இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம். ஃபைல் சர்வர் நிரம்பிவிட்டது. இரட்டை கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் மூளை) வைத்த சான் ஸ்டோரேஜ் ஒன்றுக்கு விலைப்பட்டியல் வந்து மேசையில் கிடக்கிறது. வாங்குவதா, வேண்டாமா? எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வி வந்தபோது நான் போன வழியை அப்படியே எழுதுகிறேன். சுருக்கமாக: ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது, நாஸ் என்பது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் பெட்டி, சான் என்பது சர்வர்களுக்கு நெட்வொர்க் வழியாக டிஸ்க்காகவே தெரியும் ஸ்டோரேஜ்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சின்ன நிறுவனங்களுக்கு அது தேவையில்லை. அந்தப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம், அது நிற்காமல் ஓடுவதற்காக. ஒரு கன்ட்ரோலர் போனால் இன்னொன்று இருக்கும், ஒரு பவர் சப்ளை போனால் இன்னொன்று இருக்கும். ஆனால் யாராவது ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டாலோ, ரான்சம்வேர் புகுந்துவிட்டாலோ இரண்டாவது கன்ட்ரோலரால் ஒரு பயனும் இல்லை. அப்போது காப்பாற்றுவது ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைப்பது) பேக்கப்பும்தான். இவை இரண்டையும் இன்றைக்கு ஒரு நல்ல நாஸிலேயே செய்துவிடலாம். ஆனாலும் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம், உங்கள் ஆபீஸை நீங்களே அளந்து பாருங்கள்.

படி 1: முதலாளியிடம் இரண்டு கேள்வி

சர்வர் நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்குவோம்? எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் பரவாயில்லை? ஐடி ஆள் இதற்குத் தானாகப் பதில் எழுதக்கூடாது. நிறுவனத்தை நடத்துபவர் சொல்ல வேண்டும். கணக்கு, மெயில், டிசைன் ஃபைல் என்று தனித்தனியாகக் கேளுங்கள், பதில்களும் தனித்தனியாக வரும். 'ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது' என்று சொல்பவரிடம், அதற்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லி மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் 'அரை நாள் சமாளிக்கலாம்' என்று பதில் இறங்கி வரும்.

படி 2: டிஸ்க்கை அளப்பது

நான் ரொம்ப நேரம் நின்ற இடம் இது. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் சர்வரில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து ஒரு டேட்டா கலெக்டர் செட் உருவாக்குங்கள். 'ஃபிசிக்கல் டிஸ்க்' என்ற தலைப்பின் கீழே நான்கு கவுண்டர் போதும்: வினாடிக்கு எத்தனை டிரான்ஸ்ஃபர், வினாடிக்கு எத்தனை பைட், ஒரு ரீடுக்கு ஆகும் சராசரி நேரம், ஒரு ரைட்டுக்கு ஆகும் சராசரி நேரம். முதல் எண்தான் எல்லோரும் சொல்லும் ஐஓபிஎஸ்.

இதில் மூன்று சிக்கல் உண்டு.

முதலாவது, 'டோட்டல்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லா டிஸ்க்கும் ஒன்றாகக் கலந்துவிடும், எது திணறுகிறது என்றே தெரியாது. டேட்டா இருக்கும் டிஸ்க்கைத் தனியாக எடுங்கள்.

இரண்டாவது, அந்தச் சராசரி நேரம் மில்லி வினாடியில் வராது, வினாடியில் வரும். 0.020 என்றால் 20 மில்லி வினாடி. வரைபடம் தானாக ஒரு ஸ்கேல் போட்டுக் கோட்டை உயர்த்திக் காட்டும். கோட்டைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். 10 மில்லி வினாடிக்குள் இருந்தால் கவலையில்லை. வேலை நேரத்தில் தொடர்ந்து 25-ஐத் தாண்டி நின்றால்தான் டிஸ்க் திணறுகிறது.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். ஒரு வாரம் ஓடவிட்டு உச்ச எண்ணை மட்டும் எடுத்தால் பயமுறுத்தும் அளவு வரும். அந்த உச்சம் எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள். நள்ளிரவு பேக்கப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், இன்டெக்ஸிங் இவைதான் பெரும்பாலும் அங்கே இருக்கும். மனிதர்கள் யாரும் காத்திருக்காத நேரத்து உச்சம் அது. அதை அப்படியே விற்பனையாளரிடம் கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஏற்ற பெட்டியைத்தான் அவர் எழுதித் தருவார்.

நான் செய்தது: பதிவை சிஎஸ்வி ஃபைலாக மாற்றி ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து, வேலை நேரத்து வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பெர்சென்டைல் ஃபார்முலாவில் 0.95 போட்டேன். நூற்றில் தொண்ணூற்றைந்து முறை இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறோம் என்று அது சொல்லும். இதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ஒரு வாரத்தில் மாதக் கடைசி வராவிட்டால், கணக்கு முடிக்கும் நாட்களையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: 7200 ஆர்பிஎம் சாட்டா டிஸ்க் ஒன்று சிதறலான வேலையில் வினாடிக்கு 75 முதல் 100 ஐஓபிஎஸ் தரும். சாதாரண எஸ்எஸ்டி ஒன்றே ஆயிரக்கணக்கில் தரும். எக்செல், பிடிஎஃப், டேலி போன்ற வேலைகளே அதிகமுள்ள அலுவலகத்தின் எண், இரண்டு எஸ்எஸ்டிக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

லினக்ஸில் ஐஓஸ்டாட் என்ற கட்டளை போதும். அதில் 'யூடில்' (டிஸ்க் வேலையில் இருந்த நேரம்) சதவீதம் 100 காட்டினால் பதற வேண்டாம். எஸ்எஸ்டியும் ரெய்டும் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்பவை, அவற்றுக்கு அந்த எண் சரியான அர்த்தம் தராது. 'அவெயிட்' எண்களை, அதாவது ஒரு ரீடோ ரைட்டோ முடிய ஆகும் சராசரி நேரத்தைப் பாருங்கள்.

படி 3: நெட்வொர்க்

ஒரு ஜிகாபிட் கேபிளில் வினாடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே வரிசையாகப் படிக்கும்போது அதைத் தாண்டிவிடும். நெட்வொர்க் ஒரு ஜிகாபிட்டிலேயே இருக்க, பின்னால் ஆல் ஃபிளாஷ் அரே (முழுக்க எஸ்எஸ்டியால் ஆன ஸ்டோரேஜ்) வைத்தால் பெரிய ஃபைல் ஒன்றும் சீக்கிரம் வந்துவிடாது. முதலில் 10 ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்குங்கள்.

படி 4: திரும்ப எடுக்க எவ்வளவு நேரம்?

இந்தக் கணக்கை ஏன் யாரும் போடுவதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. உங்களிடம் 4 டெராபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் மெகாபைட்டை 110-ஆல் வகுத்தால் சுமார் 36,400 வினாடி, அதாவது பத்து மணி நேரம். முதலாளி சொன்னது அரை நாள் என்றால் இது இடிக்கும் கணக்கு. 10 ஜிகாபிட் போட்டால் நெட்வொர்க் தடையாக இருக்காது, அப்புறம் டிஸ்க்கின் வேகம்தான். முக்கியமான ஃபைல்களை முதலில் எடுத்து வைக்கும் வரிசையையும் இப்போதே எழுதிவையுங்கள்.

படி 5: விலைப்பட்டியலில் கேட்க வேண்டியவை

முதல் மூன்று ஆண்டு முடிந்ததும் சப்போர்ட் புதுப்பிக்க எவ்வளவு? வெளியில் வாங்கிய டிஸ்க்கை அது ஏற்குமா? ரெப்ளிகேஷனுக்கு (டேட்டாவை இன்னொரு பெட்டிக்கு நகலெடுப்பது) தனி லைசென்ஸா? ரெப்ளிகேஷன் என்றால் எதிர்முனையிலும் அதே நிறுவனத்தின் பெட்டி வேண்டுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 6: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

லினக்ஸ் தெரிந்த ஆள் அலுவலகத்தில் இல்லையென்றால் சினாலஜி போன்ற ரெடிமேட் நாஸ், தெரிந்தவர் இருந்தால் ட்ரூநாஸ். என் விருப்பம் ட்ரூநாஸ்தான். அதில் உள்ள இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், படிக்கும்போதெல்லாம் செக்சம் (டேட்டா மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்கிறது, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் டேட்டாவைக் கண்டுபிடித்துவிடும்.

எதுவானாலும் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒரு சான் விலையில் இரண்டு நாஸ் வாங்கியும் பணம் மிஞ்சும். டிஸ்க்குகளை மிரராக, அதாவது ஒன்றின் நகல் இன்னொன்றில் இருக்கும்படி வையுங்கள். பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் அமைப்பு) எனக்குப் பிடிக்காது. ஒன்று போய், புது டிஸ்க்கில் டேட்டா மறுபடி உருவாகி ரீபில்ட் ஆகும் ஒரு நாள், இரண்டு நாள் முழுக்க இன்னொன்று போகக்கூடாதே என்று காத்திருக்க வேண்டும். 8 டெராபைட் டிஸ்க் நான்கை இரண்டு மிரராகப் போட்டால் கம்ப்யூட்டர் கணக்கில் சுமார் 14.5 டெராபைட் காட்டும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் கையில் நிற்பது 11.6. டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ரீபில்ட் சமயத்தில் அவை தவழும்.

இரண்டாவது பெட்டியை இன்னொரு கட்டடத்தில் வையுங்கள். அது முதல் பெட்டிக்குள் லாகின் செய்து டேட்டாவை இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் பெட்டியிலிருந்து தள்ளும்படி அமைத்தால், இரண்டாவதன் பாஸ்வேர்டு முதலாவதில் இருக்கும், முதலாவதில் நுழைந்தவன் இரண்டையும் அழித்துவிடுவான்.

அப்படியானால் சான் யாருக்கு? பல ஹோஸ்ட்களில் (சர்வர்களில்) விர்ச்சுவல் மெஷின் ஓட்டி, ஒரு ஹோஸ்ட் விழுந்தால் இன்னொன்றில் உடனே எழ வேண்டும் என்பவர்களுக்கு. ஒரு மணி நேரம் நின்றாலே நஷ்டம் பெட்டியின் விலையைத் தொடும் என்பவர்களுக்கு. அவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

படி 7: மாதம் ஒருமுறை, தோராயமாக ஒரு ஃபோல்டரை இரண்டாவது பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள்.

பின்னர் சேர்த்தது: நாஸில் விர்ச்சுவல் மெஷின் வைத்தால் ரைட் மட்டும் ஆமை வேகத்தில் போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது சிங்க் ரைட். டேட்டா டிஸ்க்கில் பத்திரமாகப் பதிந்துவிட்டது என்று பதில் வரும்வரை விர்ச்சுவல் மெஷின் காத்திருக்கும். 'சிங்க்' அமைப்பை அணைத்தால் வேகம் வரும், ஆனால் கரண்ட் போனால் கடைசிச் சில வினாடிகளின் டேட்டா போய்விடும். அணைக்காதீர்கள். மின்தடைப் பாதுகாப்புக்கு உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி ஒன்றை லாக் டிவைஸாக (சிங்க் ரைட்டை முதலில் பதிந்துவைக்கும் டிஸ்க்காக) சேருங்கள். அந்தக் கெப்பாசிட்டர் இல்லாத சாதா எஸ்எஸ்டி, சிங்க் ரைட்டில் பெரிதாக உதவாது.

இன்னொன்று: பழைய அரேயிலிருந்து (ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து) கழற்றிய சாஸ் வகை சர்வர் டிஸ்க்குகளை மலிவாக வாங்கியவர், ட்ரூநாஸ் அவற்றை ஏற்க மறுக்கிறது என்கிறார். அவை பெரும்பாலும் 520 பைட் செக்டரில் ஃபார்மேட் ஆனவை, நமக்கு வேண்டியது 512. 'எஸ்ஜி ஃபார்மேட்' என்ற கருவியில் சைஸ் 512 என்று கொடுத்து மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகாமல் யுபிஎஸ்ஸில் வையுங்கள்.