ஊரிலிருந்து அப்பா அம்மா சிங்கப்பூருக்கு வருகிறார்களா? வருகை அட்டை முதல் எம்ஆர்டி வரை

விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்பிய காகித அட்டை 2020-லேயே போய்விட்டது. இப்போது எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். பெற்றோருக்காக இங்கிருந்தே நீங்கள் நிரப்பிவிடலாம்.

இதற்கு ஒரு காசும் கட்டணம் கிடையாது. கூகளில் தேடினால் அசலைப் போன்ற தளங்களும் வந்து நிற்கும். முகவரியில் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் ica.gov.sg இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது அதன் மைஐசிஏ (MyICA) செயலியைப் பயன்படுத்துங்கள். வருகை அட்டைக்குப் பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். இது விசா அல்ல. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தனியாக வேண்டும்.

வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். 15-ஆம் தேதி வருகிறார்கள் என்றால் 13-இலிருந்து. சென்னையில் நள்ளிரவுக்கு முன் ஏறும் விமானம் இங்கே மறுநாள் காலையில்தான் இறங்கும். பலர் புறப்படும் தேதியைப் போட்டுவிடுகிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் தேதியே சரி.

கடப்பிதழ் எண்ணை வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். இந்தியக் கடப்பிதழில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு 7 இலக்கங்கள். ஆகவே நடுவில் ஓ போலத் தெரிவது பூஜ்ஜியம்தான். பெயரை அதில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியலைச் சுருக்கவோ வரிசையை மாற்றவோ வேண்டாம்.

மின்னஞ்சலுக்கு, நீங்கள் திறந்து பார்க்கக்கூடிய முகவரியையே கொடுங்கள். குடிநுழைவில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது இ-பாஸ் என்ற மின்னணு அனுமதியாக அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். வந்ததும் கடைசித் தேதியைக் குறித்துவையுங்கள். விசாவில் உள்ள தேதியை நம்பி இருந்துவிட்டால் அனுமதிக் காலம் மீறிப்போகும். விசா செல்லும் காலம் வேறு, தங்கும் காலம் வேறு.

அடுத்து எம்ஆர்டி ரயில், பேருந்து. இந்திய வங்கிக் கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் வங்கிச் செயலியில் தனித்தனியே திறந்துவைத்திருக்க வேண்டும். ஊரிலேயே செய்துவிடச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் ஓடிபி அந்த சிம்முக்கு வராமல் தவிக்க நேரும். அப்பாவுக்கு ஒரு கார்டு, அம்மாவுக்கு ஒரு கார்டு. ஏறும்போது கார்டும் இறங்கும்போது கைப்பேசியும் தட்டினால், வங்கிக் கணக்கு ஒன்றே ஆனாலும் இரண்டு வெவ்வேறு பயணமாகக் கணக்காகி, கட்டணம் கூடிவிடும்.