தர்மபுரி, கிருஷ்ணகிரில இருந்துகிட்டே கொடுவா பிடிக்க கத்துக்கறது எப்படி?

நம்ம கேஆர்பி டேம்ல (கிருஷ்ணகிரி அணை) இருந்து போற தென்பெண்ணை தண்ணி சாத்தனூர் தாண்டி, விழுப்புரம் பக்கமா போயி கடலூர் கிட்ட தாழங்குடால கடல்ல சேருது. அந்த மாதிரி முகத்துவாரங்கதான் கொடுவாவோட இடம். இந்த மீன் நல்ல தண்ணி, உப்புத்தண்ணி ரெண்டுலயும் வாழும், முட்டை விட மட்டும் கடல் அளவுக்கு உப்பு வேணும், ஆனா நடுவுல சாத்தனூர் அணை நிக்கறதால நம்ம ஊர் வரைக்கும் ஏறி வர அதுக்கு வழி இல்ல. அதனால நாமதான் இறங்கி போகணும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எதுல இருந்து தொடங்கணும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல மீனை தெரிஞ்சிக்கோங்க

ராடு, ரீல் வாங்கறதுக்கு முன்னாடியே இதை படிச்சிடுங்க, ஏன்னா எங்க தூண்டில் போடணும், எதை விடணும்னு எல்லாமே இதுலதான் இருக்கு.

கொடுவா பெரும்பாலும் ஆணாதான் வாழ்க்கைய ஆரம்பிக்கும். மூணு நாலு வயசுல ஆணா பருவத்துக்கு வந்து, கொஞ்ச காலம் அப்படியே இருந்துட்டு, ஆறேழு வயசு வாக்குல, நீளம் சுமார் 80 செ.மீ. தாண்டற சமயத்துல பெண்ணா மாறிடும். அப்படின்னா நீங்க போட்டோவுல பாக்கற பெரிய பெரிய கொடுவா எல்லாம் ஏறக்குறைய தாய்மீனுங்கதான். ஒரு பெரிய தாய்மீன் ஒரு சீசன்ல லட்சக்கணக்குல இல்ல, கோடிக்கணக்குல கூட முட்டை விடும். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி முகத்துவாரத்துல முட்டை விடும், ஒரு நாளைக்குள்ள பொரிஞ்சிடும், குஞ்சுங்க ஏத்த தண்ணியோட, அதாவது கடல் தண்ணி உள்ள ஏறி வர்றப்போ, அலையாத்திக்காடு, உப்பங்கழி உள்ள போயி ஒதுங்கிக்கும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல 58 செ.மீ.க்கு கீழயும் எடுக்கக்கூடாது, 120 செ.மீ.க்கு மேலயும் எடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, குட்டியும் தப்பிக்கணும் தாயும் தப்பிக்கணும்னுதான். நம்ம ஊர்ல தூண்டில்காரன் தானாதான் இதை செய்யணும், நான் இதுல ரொம்ப கண்டிப்பா இருக்கேன்.

சாப்பாட்டு விஷயத்துல மடவை, இறால், சின்ன மீன் எதையும் விடாது, தன் இனத்து குஞ்சையே முழுங்கும். சென்னைல இருக்கற சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1997ல கொடுவாவை பிடிச்சு வச்ச இடத்துலயே குஞ்சு பொரிக்க வச்சாங்க. அந்த குஞ்சுங்கள வளர்க்கறவங்க அடிக்கடி சைஸ் வாரியா பிரிச்சிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பெருசு சின்னத தின்னுடும். வேட்டையாடறதுன்னா துரத்தி ஓடறது கிடையாது, பாலத்தூண், கல்லு, அலையாத்தி வேர் இதுங்க பின்னாடி நீரோட்டம் படாம நின்னுக்கிட்டு இரை அடிச்சிட்டு வர்றப்போ வாயை பட்டுனு திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சிடும், அமைதியான காலைல 'டொப்'னு சத்தம் கரை வரைக்கும் கேக்கும்.

அப்பறம் சாமான்

ஏழுல இருந்து எட்டு அடி ராடு, மீடியம் ஹெவி. 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். 30 பவுண்டு பிரெய்டு, அதாவது இழைங்கள பின்னி செஞ்ச நரம்பு. அதோட முனைல 40ல இருந்து 60 பவுண்டு லீடர், அதாவது உரசல் தாங்கற தடிச்ச முன்நரம்பு, மூணு அடி கட்டாயம் கட்டுங்க, கொடுவாவோட செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், பிரெய்டு அதுல பட்டா அவ்வளவுதான். ரெண்டையும் இணைக்க புது ஆளுங்களுக்கு டபுள் யூனி முடிச்சு போதும், வீட்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு போடற அளவுக்கு பழகுங்க. லூர் (செயற்கை இரை) வேணும்னா நாலஞ்சு இன்ச் ரப்பர் மீன், ஜிக் ஹெட்டோட (ஈயத்தலை வச்ச முள்ளு), உயிர் இரைன்னா இறாலும் மடவைக்குஞ்சும், அதுக்கு 5/0 சைஸ் சர்க்கிள் முள்ளு (முனை உள்பக்கமா வளைஞ்சது). சர்க்கிள் முள்ளுல வெட்டி இழுக்காதீங்க, மீன் போற போக்குல ரீல சுத்துனாலே வாய் ஓரத்துல மாட்டிக்கும்.

ஊர்லயே பழகறது

வீசறத மொதல்ல காலி கிரவுண்டுல, முள்ளு இல்லாம வெறும் ஈயம் கட்டி பழகுங்க, ஒரு பக்கெட் வச்சிட்டு அதுக்கு பக்கத்துல விழ வைங்க. அப்பறம் ஏரிக்கு வாங்க. நம்ம ஏரிங்கள்ல இருக்கற விரால்தான் இதுக்கு சரியான வாத்தியார், அதுவும் புதர் ஓரம் ஒளிஞ்சு நின்னுதான் அடிக்கும். தவளை லூர்ல அடிச்ச உடனே இழுக்காம ஒரு நொடி பொறுத்து இழுக்கற பழக்கம் கைக்கு வந்துட்டா பாதி கடலூர் வந்த மாதிரி. செவப்பு குஞ்சு கூட்டமா மேல கொப்புளிச்சிட்டு இருந்தா கீழ அப்பா அம்மா விரால் காவல் இருக்கும், அங்க போடாதீங்க. ஏரியா இருந்தாலும் டேமா இருந்தாலும் மீன் உரிமை குத்தகைக்கோ சங்கத்துக்கோ இருக்கும், கேட்டுட்டு போடுங்க.

கடலுக்கு போற நாள்

கிருஷ்ணகிரில இருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியா பாண்டிச்சேரி பஸ், அங்க இருந்து கடலூர், எல்லாம் சேர்த்து அஞ்சாறு மணி நேரமாவது ஆகும். இவ்வளவு தூரம் போறவங்க ஏத்தம் வத்தம் (கடல் தண்ணி ஏறி இறங்கற) டைம் பாக்காம கெளம்பக்கூடாது. அந்த கரைல ஏத்தம் வத்தம் உயரம் கம்மிதான், அதனால அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ரெண்டு மூணு நாள் தண்ணி நல்லா ஓடறப்போ போங்க. வத்தத்தோட கடைசி பாதி எனக்கு ரொம்ப பிடிச்ச நேரம், உள் ஓடைல இருந்து சின்ன மீனும் இறாலும் வேற வழியில்லாம வெளிய வரும், ஓடை வாய்ல கொடுவா நிக்கும். அது விடிகாலையிலயோ பொழுது சாயறப்பவோ அமைஞ்சா இன்னும் நல்லது. முகத்துவாரத்த சில சமயம் மணல் மூடிக்கும், அங்க வலை போடற அண்ணனுங்க கிட்ட விசாரிச்சா ஒரே நிமிஷத்துல நிலவரம் தெரிஞ்சிடும். பிச்சாவரம் மாதிரி வனத்துறை இடத்துல அனுமதி இல்லாம தூண்டில எடுக்காதீங்க.

லூர தூணுக்கு மேல்பக்கம் போட்டு, நீரோட்டத்தோடயே தூணை உரசற மாதிரி வர விடுங்க. மெதுவா சுத்துங்க, ரெண்டு சுத்து, ஒரு நிறுத்தம். பல தடவை அந்த நிறுத்தத்துலதான் அடிக்கும். மாட்டுன உடனே வேர் பக்கம் திரும்ப விடாம இழுங்க. தண்ணிய விட்டு எகிறி தலைய உதறும் பாருங்க, அந்த சமயத்துல ராடு முனைய கீழ இறக்கி நரம்ப லேசா தளர்த்தணும், விறைப்பா பிடிச்சா லூர் பறந்து வந்து உங்க மூஞ்சிலயே அடிக்கும், அதனால கண்ணாடி போட்டுக்கோங்க.

கரைக்கு வந்ததும் கீழ் உதட்ட பிடிங்க, பல்லு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், கிழிக்காது. செவுள்ள விரல மட்டும் விட்றாதீங்க. 80 செ.மீ.க்கு மேல இருந்தா தண்ணிலயே வச்சு முள்ள எடுங்க, போட்டோ வேணும்னா ஈரக்கையால வயித்த தாங்கி படுக்க வாக்குல தூக்குங்க, தாடைல தொங்க விட்டா முதுகெலும்பும் தாடையும் சேதம் ஆயிடும். ஓடற தண்ணி வாய்க்குள்ள போற மாதிரி தலைய எதிர் பக்கமா திருப்பி பிடிச்சிருங்க, அதுவா உதறி கையை விட்டு போற வரைக்கும் விடாதீங்க.

வீட்டுக்கு எடுக்கறதா இருந்தா 60ல இருந்து 75 செ.மீ.க்குள்ள ஒண்ணு போதும். உடனே செவுள வெட்டி ரத்தம் வடிச்சு, குடலையும் செவுளையும் எடுத்துட்டு, வயித்துக்குள்ளயும் ஐஸ் அடைச்சு தெர்மாகோல் பெட்டில வைங்க. திருவண்ணாமலைல பஸ் நிக்கறப்போ உருகுன தண்ணிய கொட்டிட்டு புது ஐஸ் போட்டுட்டா தர்மபுரி போயி சேர்ற வரைக்கும் கெடாது.