புது கார்டு வந்தா டெக்ல வைக்கலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது

மேஜிக், போகிமான், யுகியோ மாதிரி கார்டு கேம்கள்ல புது செட்டோட ஸ்பாய்லர், அதாவது வெளியீட்டுக்கு முன்னாடியே காட்டுற கார்டுகள், வர ஆரம்பிச்சாலே கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான். கார்டைப் படிச்ச நொடியே மனசுல ஒரு சீன் ஓடிடும், இந்த டர்ன்ல இதைப் போட்டு அடுத்த டர்ன்ல அதைப் போட்டு எதிர்ல இருக்கிறவர் ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருக்கிற மாதிரி. அந்த சீன்ல எல்லா கார்டும் சூப்பரா தான் இருக்கும். பத்து கேம்ல அந்த சீன் எத்தனை தடவை வரும், வராத கேம்ல இந்த கார்டு கையில என்ன பண்ணும், அதைத்தான் யோசிக்கணும்.

அதனால முதல் கேள்வியா இதை வச்சுக்கோங்க: இதை டெக்ல, அதாவது நீங்க ஆட எடுத்துட்டுப் போற கார்டு கட்டுல, வைக்க எந்த கார்டை வெளிய எடுப்பீங்க? பேர் சொல்லணும். ‘ஏதாவது எடுத்துக்கலாம்’னு பதில் வந்தா இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலன்னு அர்த்தம். மேஜிக்ல குறைஞ்சது 60 கார்டு, அதுல இருபதுக்கு மேல லேண்டே (மத்த கார்டை ஆடத் தேவையான மானாங்கிற சக்தியைக் கொடுக்கிற கார்டு) போயிடும். போகிமான்ல சரியா 60. யுகியோல 40லேர்ந்து 60 வரைக்கும் வைக்கலாம்னாலும் ஜெயிக்கணும்னு ஆடுறவங்க பெரும்பாலும் 40ஐ ஒட்டியே நிப்பாங்க. லேண்டு, எனர்ஜி (போகிமான் தாக்கத் தேவையான கார்டு), கண்டிப்பா வேணும்ங்கிற கார்டு எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம், அதுல ஏற்கனவே உக்காந்திருக்கிற கார்டை விட புதுசு நல்லா இருக்கணும், சும்மா நல்ல கார்டா இருந்தா பத்தாது. இந்த ஒரு கேள்வியிலயே பாதி ஸ்பாய்லர் கழிஞ்சு போயிடும்.

அடுத்தது விலை. நான் சொல்றது காசு இல்ல, அந்த கார்டை ஆட நீங்க கேம்ல என்ன கொடுக்கணும்ங்கிறது. ‘ரெண்டு கார்டு எடுத்துக்கோ’ங்கிற ஒரே எஃபெக்டை எடுத்துக்கோங்க. யுகியோல பாட் ஆஃப் கிரீட் அதைத்தான் பண்ணுது, ஒண்ணுமே கொடுக்க வேணாம், அதனால பல வருஷமா தடை லிஸ்ட்லயே கிடக்கு. மேஜிக்ல டிவினேஷன் அதே வேலையை 3 மானாவுக்குப் பண்ணுது, அதை டோர்னமென்ட் டெக்ல பாக்குறது அபூர்வம். அதே மேஜிக்ல 1993ல வந்த ஏன்செஸ்ட்ரல் ரீகால் 1 மானாவுக்கு மூணு கார்டு கொடுக்குது, அது கேம் வரலாற்றிலயே பலமான கார்டுகள்ல ஒண்ணு. போகிமான்ல கதையே வேற, சப்போர்ட்டர்ங்கிற வகை கார்டு ஒரு டர்னுக்கு ஒண்ணு தான் ஆட முடியும், அதனால அங்க உண்மையான விலை அந்த ஒரு வாய்ப்பு தான், ஹாப்ங்கிற சப்போர்ட்டர் மூணு கார்டு கொடுத்தாலும் பக்கத்துல புரொஃபசர்ஸ் ரிசர்ச் கையில இருக்கிற கார்டை எல்லாம் கழிச்சுட்டு ஏழு கார்டு கொடுக்கும்போது ஹாப்பை யார் எடுப்பாங்க. ஆக எஃபெக்டை மட்டும் பாக்காதீங்க, உங்க கேம்ல எது அரிதான பொருளோ, மானாவோ, நார்மல் சம்மனோ (யுகியோல டர்னுக்கு ஒரு தடவை மான்ஸ்டரை இறக்கிற வாய்ப்பு), சப்போர்ட்டரோ, எனர்ஜி அட்டாச்மென்ட்டோ, அதுல எவ்வளவு இந்த கார்டு தின்னுதுன்னு பாருங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. கார்டு மேல அச்சடிச்சிருக்கிற விலையும் நீங்க நிஜமா கொடுக்கிற விலையும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. 2014 செப்டம்பர்ல மேஜிக்ல வந்த ட்ரெஷர் குரூஸ்க்கு 8 மானா, மூணு கார்டு எடுக்கலாம். 8ன்னு பாத்து தூக்கிப் போட்டுடலாம்னு தோணும். ஆனா டெல்வ்ங்கிற திறன் இருக்கு, கிரேவ்யார்டுல (ஆடி முடிச்ச, செத்த கார்டு போற குவியல்) இருந்து ஒவ்வொரு கார்டா நீக்க நீக்க ஒவ்வொரு மானா குறையும். மாடர்ன் மாதிரி ஃபார்மட்ல (எந்தெந்த கார்டை ஆடலாம்னு சொல்ற ஆட்ட வகை) சீப்பான ஸ்பெல்லும் ஃபெட்ச்லேண்டும் (தன்னையே தியாகம் பண்ணி டெக்லேர்ந்து வேற லேண்டை எடுக்கிற லேண்டு) கிரேவ்யார்டை தானா நிரப்பிடும், கடைசியில ஒரே ஒரு நீல மானாவுக்கு மூணு கார்டு, 2015 ஜனவரியில மாடர்ன்ல பேன் ஆயிடுச்சு. அதனால பெரிய நம்பரைப் பாத்தா பயப்படாதீங்க, அந்த நம்பரைக் குறைக்க உங்க டெக் வேற எதுவும் சிரமப்படாம ஏற்கனவே என்ன பண்ணிட்டிருக்குன்னு பாருங்க. டெக் இயல்பாவே பண்ற வேலையால விலை குறைஞ்சா அது லாபம், அதுக்காகன்னு தனியா நாலு மோசமான கார்டு சேக்கணும்னா அந்த நாலும் விலையில சேரும்.

குறைன்னு எழுதியிருக்கிற வரியையும் இதே மாதிரி ரெண்டாவது தடவை படிங்க. மேஜிக்ல ஸ்கல்கிளாம்ப் 2004ல டார்க்ஸ்டீல் செட்ல வந்துச்சு, மாட்டின கிரீச்சருக்கு +1/-1 (தாக்குற சக்தி ஒண்ணு கூடும், டஃப்னஸ்ங்கிற தாங்குற சக்தி ஒண்ணு குறையும்), அது செத்தா ரெண்டு கார்டு. -1ங்கிறது பாக்க குறை மாதிரி இருக்கும், ஆனா டஃப்னஸ் 1 இருக்கிற குட்டி கிரீச்சர்ல மாட்டினா உடனே செத்துடும், 1 மானாவுக்கு ரெண்டு கார்டு, திரும்பத் திரும்ப பண்ணலாம். அதே வருஷம் ஜூன்ல ஸ்டாண்டர்ட்ல (சமீபத்திய செட்டுகளை மட்டும் ஆடுற ஃபார்மட்) பேன். அந்த மைனஸ் தான் கார்டோட இன்ஜினே.

வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கிறது சலிப்பா இருக்கும், ஆனா இதை விட்டா மத்த எல்லாம் வீண். யுகியோல ‘டர்னுக்கு ஒரு தடவை’ன்னு மட்டும் இருந்தா அந்த ஒரு காப்பிக்குத் தான் அந்த கட்டுப்பாடு, ரெண்டாவது காப்பியும் இருந்தா அதையும் யூஸ் பண்ணலாம். கார்டோட பேரைச் சொல்லி ‘இந்த எஃபெக்டை டர்னுக்கு ஒரு தடவை தான்’னு இருந்தா எத்தனை காப்பி வச்சிருந்தாலும் ஒரு தடவை தான், அப்போ கையில ரெண்டாவது காப்பி வந்தா அந்த டர்ன்ல அது செத்த கார்டு. மேஜிக்ல ‘காஸ்ட் பண்ணும்போது’ன்னு இருக்கிற எஃபெக்ட், கார்டை எதிராளி கவுன்டர் பண்ணாலும் (ஆடும்போதே தடுத்தாலும்) நடக்கும், ‘உள்ள வரும்போது’ன்னு இருந்தா கவுன்டர் ஆனதும் எல்லாம் போச்சு. ஒரு சொல் தான் வித்தியாசம், கார்டோட தரமே மாறிடுது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடம். கார்டை மூணு நிலைமையில நிறுத்திப் பாருங்க: ஆரம்ப கையில இருக்கும்போது, ரெண்டு பேரும் கார்டு தீர்ந்து சமமா நிக்கும்போது, நீங்க தோத்துட்டிருக்கும்போது. ஜெயிச்சிட்டிருக்கும்போது எப்படி இருக்கும்னு பாக்கவே வேணாம், அப்போ எந்த கார்டும் நல்லா தான் இருக்கும், நிறைய பேரை ஏமாத்துறது இந்த நிலைமை தான். தோத்துட்டிருக்கும்போது எதிர்ல மூணு கிரீச்சர் நிக்குது, உங்க பக்கம் காலி, டெக் மேலேர்ந்து இந்த கார்டு வருது, இப்போ என்ன பண்ணுது? ‘உன் கிரீச்சர் எல்லாத்துக்கும் +2’ன்னு இருந்தா ஒண்ணுமே பண்ணாது. எல்லா கார்டும் மூணு நிலைமையிலயும் நல்லா இருக்கணும்னு இல்ல, வேகமா அடிக்கிற டெக்குக்கு ஆரம்ப கை மட்டும் போதும், நிதானமா ஆடுற டெக்குக்கு மத்த ரெண்டும் தான் உயிர். உங்க டெக் எந்த நிலைமையில அடிக்கடி தோக்குதோ அந்த நிலைமையில இந்த கார்டு உதவுதான்னு பாருங்க.

காம்போ கார்டுன்னா, அதாவது இன்னொரு கார்டோட சேர்ந்து பெரிய பலன் தர்றதுன்னா, கணக்கு போடாம நம்பாதீங்க. 60 கார்டு டெக்ல 4 காப்பி வச்சா ஆரம்ப 7 கார்டுல அது வர வாய்ப்பு சுமார் 40 சதவீதம். ரெண்டு வேற வேற கார்டு சேர்ந்து வரணும்னா, ரெண்டையும் நாலு நாலா வச்சாலும், 14 அல்லது 15 சதவீதம் தான். யுகியோல 40 கார்டுல 3 காப்பி, 5 கார்டு கையில வர வாய்ப்பு சுமார் 34, ரெண்டு கார்டும் சேர்ந்துன்னா 10 கிட்ட. அதாவது மனசுல ஓடின அந்த சீன் பத்து கேம்ல ஒரு கேம், மத்த ஒன்பதுல பல தடவை காம்போல ஒரு பாதி மட்டும் கையில தூங்கும். டெக்ல தேடி எடுக்கிற கார்டு இருந்தா இந்த நம்பர் நிறைய ஏறும், அதனால அதையும் எண்ணுங்க. தனியா வந்தாலும் ஏதோ ஒரு வேலை பண்ற காம்போ கார்டுன்னா எனக்கு உடனே மரியாதை வந்துடும்.

மெட்டா, அதாவது இப்போ எல்லாரும் எந்தெந்த டெக் ஆடுறாங்கங்கிறது, அதைப் பத்தி சுருக்கமா. இப்போ ஜெயிக்கிற ரெண்டு மூணு டெக்கை எதிர்ல வச்சு கார்டைப் படிங்க. யுகியோல டெக்லேர்ந்து தேடுற கார்டுன்னா ஆஷ் பிளாசம் (அந்த மாதிரி தேடுறதை எதிராளி கையிலேர்ந்தே தடுக்கிற கார்டு) அதைத் தடுத்த பிறகு உங்ககிட்ட மிச்சம் என்னன்னு கேளுங்க. போகிமான்ல சாதாரண இஎக்ஸ்னா (பலமான ஒரு வகை போகிமான் கார்டு) நாக் அவுட் ஆனா எதிராளிக்கு ரெண்டு பிரைஸ் கார்டு போகும், ஜெயிக்க மொத்தமே ஆறு, அதனால அந்த 2 பிரைஸுக்கு ஈடா வேலை பண்ணுதா, எல்லாரும் ஆடுற அட்டாக்கோட டேமேஜை விட ஹெச்பி (தாங்குற டேமேஜ் அளவு) ஒரு 10 ஆவது அதிகமா இருக்கான்னு பாருங்க, அந்த 10 தான் ஒரு டர்ன் கூட கொடுக்கும். ஃபார்மட்டும் அப்படித்தான், 1 மானாவுக்கு 3 டேமேஜ் கொடுக்கிற லைட்னிங் போல்ட் இருக்கிற இடத்துல 2 டேமேஜ் கொடுக்கிற ஷாக்குக்கு வேலை இல்ல, போல்ட் இல்லாத ஸ்டாண்டர்ட்ல ஷாக்கே நல்லா ஓடியிருக்கு. யுகியோல பழைய செட்டை விலக்கி வைக்கிற ரொட்டேஷனே கிடையாது, அங்க புது கார்டு தடை லிஸ்ட்ல இல்லாத எல்லா பழைய கார்டோடயும் போட்டி போடணும்.

இவ்வளவும் பேப்பர்ல தான், ஆடிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. கார்டு வாங்க வேண்டாம், துண்டுச் சீட்டுல பேர் எழுதி பழைய கார்டு முன்னாடி ஸ்லீவ்ல சொருகினா போதும். டெஸ்ட் பண்ணும்போது கடைசியில ரெண்டு காப்பி தான் வைப்பீங்கன்னாலும் அதிகபட்ச காப்பி வச்சு ஆடுங்க, அப்போ தான் அடிக்கடி கையில வரும். நான் ஜெயிச்சேன் தோத்தேன்னு எண்ணுறதை விட, கார்டு கையில வந்த ஒவ்வொரு தடவையும் ‘இதுக்குப் பதிலா வெளிய எடுத்த அந்த பழைய கார்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்குமா’ன்னு ஒரு கோடு போட்டு வைப்பேன். ஏன்னா 20 கேம் வெற்றிக் கணக்கு ஒண்ணும் சொல்லாது, நாணயத்தை 20 தடவை சுண்டினாலே 13 அல்லது அதுக்கு மேல தலை விழ சுமார் 13 சதவீதம் வாய்ப்பு இருக்கு. பாதி கேம் முடிஞ்சதும் டெக்கை மாத்திக்கோங்க, நண்பர் உங்க புது கார்டை ஆடட்டும், நீங்க எதிர்ல உக்காருங்க. எதிர்ல இருந்து பாக்கும்போது ‘அதைப் போடாதே’ன்னு மனசு அடிச்சுக்குதா, இல்ல ‘போட்டுக்கோ, எனக்கு ஒரு டர்ன் கிடைச்சுது’ன்னு நிம்மதியா இருக்கான்னு தெரிஞ்சிடும், இதை விட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கழிச்ச கார்டையும் மறந்துடாதீங்க. ஒரு நோட்டுல கார்டு பேரும் ஏன் கழிச்சேன்னு ஒரே ஒரு வரியும் எழுதி வைங்க: ‘விலை அதிகம்’, ‘கூட ஆட ஜோடி இல்ல’, ‘ஆஷ் பிளாசம் சாப்பிட்டுடும்’. 1996ல மேஜிக்கோட மிராஜ் செட்ல வந்த லயன்ஸ் ஐ டைமண்ட் கையில இருக்கிற எல்லாத்தையும் தூக்கிப் போட்டா மூணு மானா கொடுக்கும், கையே காலியான பிறகு மானாவை வச்சு என்ன பண்றதுன்னு அப்போ அதை யாரும் பெருசா மதிக்கல. 2001ல ஃபிளாஷ்பேக், 2005ல டிரெட்ஜ்ங்கிற திறன்கள் வந்து கிரேவ்யார்டுலேர்ந்தே ஆட வழி கிடைச்சதும், கையைத் தூக்கிப் போடறதே லாபமாயிடுச்சு. ஒவ்வொரு புது செட் வரும்போதும், ஒவ்வொரு தடை லிஸ்ட் மாறும்போதும் அந்த நோட்டைத் திறந்து, எழுதி வச்ச காரணம் இன்னும் பொருந்துதான்னு மட்டும் பாருங்க, பத்து நிமிஷ வேலை.