மனசுல நினைச்ச எண்ணைச் சொல்லும் வித்தை: 50-ஐ 7 ஆக்குங்க

"1-லிருந்து 50-க்குள்ள ஒரு இரண்டு இலக்க எண். ரெண்டு இலக்கமும் ஒற்றைப்படை, ரெண்டும் வேற வேற. 11 கூடாது, 15 மாதிரி இருக்கலாம்." இதை நிறுத்தாம சொல்லி, உடனே நினைக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடியே சீட்டுல 35 எழுதி, அடிச்சுட்டு, கீழே 37 எழுதி மடிச்சு வச்சிருங்க.

பார்வையாளர் காதுல விழுறது 50. நிபந்தனைக்குள் வருவதோ 13, 15, 17, 19, 31, 35, 37, 39 என்று எட்டே எட்டு. நாம வாய்விட்டுச் சொன்ன 15-ஐ யாரும் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, மிச்சம் ஏழு. அவசரத்தில் அதிகம் பேர் பிடிப்பது 37, அடுத்து 35. அடித்த 35 அதுக்குத்தான்: 'கிட்ட வந்து மாத்திட்டார்' என்று 35 நினைத்தவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

"ஒற்றைப்படை எண்" என்று மட்டும் சொன்னால் 27, 47 வந்து நிற்கும். "இலக்கம்" என்ற சொல் முக்கியம்.

ஒரே ஆளிடம் இதை நம்பி இறங்காதீங்க, யோசிக்க நேரம் கிடைத்தால் வேற எண்ணுக்குப் போய்விடலாம். இருபது முப்பது பேர் கூட்டத்தில், "37 நினைச்சவங்க கை தூக்குங்க" என்று கேட்பதே பாதுகாப்பு. அதே கூட்டத்தில் மறுபடி வேண்டாம்.